பனி இல்லாத ஊரில் ஒரு பூக்கிழங்கு

"ஏம்மா, நம்ம வீட்டுல டுலிப் வளருமா?"

அக்டோபர் மாதம் பிறந்தால் போதும், காலை நேரடி ஒலிபரப்பில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் ஓர் அம்மாவாக இருப்பார். மகனோ மகளோ லண்டனிலோ டொராண்டோவிலோ வேலை செய்வார்கள். அங்கிருந்து புலனத்தில் ஒரு படம் வந்திருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, கையில் கையுறை, முழங்கால் இரண்டும் ஈரமண்ணில், பக்கத்தில் ஒரு வாளி நிறையச் சின்ன வெங்காயம் மாதிரி ஏதோ ஒன்று. "இந்தக் குளிர்ல என்னத்தடா நடுற?" என்று அம்மா கேட்டிருப்பார். "ஏப்ரல்ல பூக்கும்மா" என்று பதில் வந்திருக்கும். இது அக்டோபர். பூப்பது ஏப்ரலில். இடையில் ஆறு மாதம், அதில் பாதி நாள் மண் உறைந்து கிடக்கும். பூக்கும் என்று எந்த நம்பிக்கையில் புதைக்கிறார்கள்?

டுலிப் கேள்விக்குச் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயர் ஈத்தாமில் டுலிப் கிழங்கை அப்படியே மண்ணில் வைத்தால் நாலு இலை விடும். பூ வராது. தப்பித் தவறி வந்தாலும் தண்டு நீளாமல் மண்ணை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் இரண்டாவது கேள்விக்கு, அதாவது அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, பதில் கொஞ்சம் நீளமானது. அதைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டு வாசலில் எதைப் புதைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

சமையலறைக்குப் போய் ஒரு பெரிய வெங்காயத்தை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பாருங்கள். அடுக்கு அடுக்காகச் சதை. அடியில் வேர் விடும் தட்டையான அடிப்பகுதி. நடுவில், கொஞ்சம் பழைய வெங்காயமாக இருந்தால், இளம்பச்சையாக ஒரு முளை. தாவரவியல் படித்தவர்கள் இதைக் குமிழ்த்தண்டு என்பார்கள். டுலிப், டாபடில், லில்லி எல்லாம் இந்த வகைதான். நம் வீட்டு வழக்கில் எல்லாமே கிழங்குதான், நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தச் சதை அடுக்குகள் முழுக்கச் சாப்பாடு. செடி தன் பிள்ளைக்குக் கட்டி வைத்த கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டுலிப் கிழங்கில் இன்னொரு விஷயம் உண்டு. வசந்தத்தில் பூத்து முடித்து, கோடை தொடங்கும்போது இலைகள் காய்ந்து போகும். பார்ப்பவர்கள் செடி செத்துவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே அப்போதுதான் வேலை ஆரம்பம். கோடை முழுவதும் அடுத்த ஆண்டுப் பூ கிழங்குக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். ஆறு இதழ், ஆறு மகரந்தத் தண்டு, நடுவில் சூலகம், எல்லாம் கடுகளவில் தயார். இலையுதிர் காலத்தில் கடையில் வாங்கும்போதே பூ உள்ளே இருக்கிறது.

அப்படியானால் ஏன் உடனே பூப்பதில்லை? அங்கேதான் குளிர் வருகிறது. 12 முதல் 16 வாரம், ஏறக்குறைய 9 டிகிரிக்குக் கீழே, அது மண்ணுக்குள் இருந்தாக வேண்டும். குளிர் படப்பட உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. தண்டு நீள்வதற்கான ரசாயன மாற்றங்களும் அப்போதுதான் நடக்கின்றன. அந்தச் சமயத்தில் மேலே ஒன்றும் தெரியாது. கீழே வேர் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். குளிர் விலகி வெயில் வந்ததும், எல்லாம் தயாராக இருப்பதால், சில வாரத்தில் தண்டு எழுந்து பூத்துவிடும். குளிர்காலத்தைத் தாங்கிப் பூக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் குளிர்காலம் இல்லாவிட்டால் அதற்குப் பூக்கவே தெரியாது.

அதனால்தான் நட வேண்டிய காலமும் கறாரானது. இங்கிலாந்தில் டாபடிலை செப்டம்பர், அக்டோபரில் புதைப்பார்கள், டுலிப்பை நவம்பரில். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பிறகு மறந்துவிடலாம். பலரும் மறந்துவிடவும் செய்கிறார்கள்.

நம் இந்தியப் பக்கத்தில் இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீநகருக்குப் போக வேண்டும். தால் ஏரிக்கு மேலே, சபர்வான் மலையடிவாரத்தில், சுமார் 30 ஹெக்டர் நிலத்தில் 2007இல் தொடங்கிய இந்திரா காந்தி நினைவு டுலிப் தோட்டம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள். அங்கேயும் பனி விழுவதற்கு முன் இலையுதிர் காலத்தில் புதைத்துவிடுகிறார்கள். மார்ச் கடைசியில் கதவு திறக்கும். ஏப்ரல் முடிவதற்குள் பூ முடிந்துவிடும். ஒரு மாதக் காட்சிக்காக ஆண்டு முழுவதும் உழைக்கிறார்கள். ஸ்ரீநகர்ப் பயணம் போக நினைக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் தேதி பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டியது இதற்காகத்தான். ஜூனில் போனால் வெறும் மண் பாத்தியைத்தான் பார்க்கலாம்.

போர்க்காலத்துக் கிழங்குகள்

டுலிப் என்றால் ஹாலந்து. மத்திய ஆசியாவின் மலைகளில் காட்டுப்பூவாக இருந்தது, துருக்கி சுல்தான்களின் தோட்டங்களுக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் 1593இல் நட்டார், அடுத்த வசந்தத்தில் பூத்தது. ஒரு கிழங்குக்கு வீட்டையே எழுதிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் பிற்காலத்தில் பெருக்கிச் சொல்லப்பட்ட கதைகளை விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது இரண்டாம் உலகப் போர்க் கதை.

1944 கடைசி. ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்த மேற்கு ஹாலந்துக்கு உணவு வருவது அடைபட்டது. அந்தக் குளிர்காலத்தை டச்சுக்காரர்கள் இன்றும் பசிக் குளிர்காலம் என்றுதான் சொல்கிறார்கள். ஏறக்குறைய இருபதாயிரம் பேர் இறந்துபோனார்கள். அப்போது வீடுகளில் டுலிப் கிழங்குகளை வேகவைத்துச் சாப்பிட்டார்கள். நடுக்குருத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தை வேகவைத்து மசித்து, கஞ்சியாகவும் ரொட்டியாகவும் ஆக்கினார்கள். வசந்தத்துக்கென்று மண்ணில் போக வேண்டியது அடுப்பில் போனது.

அதே போர்க் காலத்தில் டச்சு இளவரசி ஜூலியானா தன் குழந்தைகளோடு கனடாவின் ஒட்டாவா நகரில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1943 ஜனவரி 19 அன்று ஒட்டாவா சிவிக் மருத்துவமனையில் அவருக்கு மார்கிரீத் என்ற மகள் பிறந்தாள். கனடிய மண்ணில் பிறந்தால் கனடியக் குடியுரிமையும் ஒட்டிக்கொள்ளுமே என்பதற்காக, அந்தப் பிரசவ அறைகளைத் தற்காலிகமாக எந்த நாட்டுக்கும் சேராத இடம் என்று கனடிய அரசு அறிவித்தது. போரின் முடிவில் ஹாலந்தை விடுவித்ததில் கனடியப் படைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. 1945இல் டச்சுக்காரர்கள் நன்றிக்காக அனுப்பிய பொருள் ஒரு லட்சம் டுலிப் கிழங்குகள்.

சில மாதங்களுக்கு முன்பு அதே கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நாடு அது என்பதை நினைத்துப் பாருங்கள். கப்பலில் வந்த அந்தப் பரிசைப் பார்த்தவர்களுக்கு அன்று ஒரு பூவும் தெரிந்திருக்காது. பழுப்புத் தோல் போர்த்திய உருண்டைகள்தான். புதைத்துவிட்டு வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். ஒட்டாவாவில் 1953இலிருந்து டுலிப் விழா நடக்கிறது. இன்றும் ஆண்டுதோறும் டச்சு அரச குடும்பத்திலிருந்து கிழங்குகள் போகின்றன. ஒண்டாரியோவில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் மே மாதத்தில் அனுப்பும் குடும்பப் படங்களில், பின்னால் சிவப்பும் மஞ்சளுமாய் வரிசை கட்டி நிற்கும் பூக்களுக்கு இப்படி ஒரு பூர்வீகம்.

சித்தப்பா வாங்கிய மலிவுப் பை

என் சின்னம்மா எழுபதுகளில் பினாங்கிலிருந்து இங்கிலாந்துக்குத் தாதிப் பயிற்சிக்குப் போனவர். அந்தக் காலத்தில் நம் ஊரிலிருந்து அப்படிப் போன பெண்கள் நிறைய. அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். சித்தப்பா யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டுக்குப் பின்னால் இருந்த கைக்குட்டை அளவு நிலத்தில் கண்ணாடிக் கூண்டு போட்டு மிளகாயும் வெந்தயக்கீரையும் வளர்ப்பார். பூவுக்குக் காசு செலவழிப்பது அவருக்கு ஆகாது. "பூவைக் கறி வைக்கேலுமோ?" என்று கேட்பாராம்.

அவருக்கு உடம்பு முடியாமல் போன ஆண்டு, நவம்பரில், பேரங்காடியில் பருவம் முடிந்து விலை குறைத்துப் போட்டிருந்த டுலிப் கிழங்குப் பை ஒன்றை வாங்கி வந்தார். நாற்பது கிழங்கு. குனிய முடியாததால் முக்காலி போட்டு உட்கார்ந்து, மிளகாய்ப் பாத்திக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தார். இரண்டு நாள் பிடித்தது. சின்னம்மா கண்டுகொள்ளவில்லை. மருத்துவமனைக்கு அலைவதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. பிப்ரவரியில் சித்தப்பா போய்விட்டார்.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் காலையில் சின்னம்மா என் அம்மாவுக்குப் போன் செய்தார். அங்கே காலை என்றால் இங்கே பிற்பகல். அம்மா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லாரும் கேட்டோம். "அக்கா, அந்த மனுஷன் நட்டது வந்துருச்சு" என்றார். அதற்கு மேல் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிரிப்பு. மலிவுப் பை அல்லவா, ஊதா, மஞ்சள், சிவப்பு, வரி போட்டது என்று ஓர் ஒழுங்கும் இல்லாமல் கலந்து வந்திருந்தது. நாற்பதில் முப்பத்தொன்று. மிச்சத்தை அணில் தோண்டியிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துச் சொன்னார்.

தனக்கு நாள் இல்லை என்று தெரிந்துதான் நட்டாரா, விலை மலிவு என்பதற்காக நட்டாரா என்று சின்னம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எங்களுக்கும் தெரியாது. டுலிப் அடுத்தடுத்த ஆண்டுகளில் குறைந்துகொண்டே போகும் வகை. அந்த முப்பத்தொன்றில் மறு வருஷம் வந்தது ஒரு டஜன்தான். சின்னம்மா இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் அதே பாத்தியில் புதிதாக ஒரு பை நடுகிறார். நட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார். குளிருக்குப் பயந்து மூன்று மாதம் இங்கே ஆயர் ஈத்தாமில் எங்களோடு இருந்துவிட்டு, பூக்கும் நேரத்துக்குத் திரும்பிப் போவார்.

கறுப்புத் தண்ணீர் ஊரில்

சரி, நம் ஊருக்கு வருவோம். ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர். பெயரில் மட்டும்தான் இருட்டு. மற்றபடி ஆண்டு முழுவதும் வெயில்தான். இரவிலும் பெரிதாகக் குளிர்வது அபூர்வம். இங்கிருந்து ரயில் ஏறிக் கொடிமலைக்குப் போனால் நல்ல உயரம், கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி குறையும். சட்டை கொஞ்சம் குளிரும், டுலிப்புக்கு அது வெயில்காலம். கேமரன் மலைக் குளிரே அதற்குப் போதாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்? வைக்கலாம். வெப்ப நாடுகளில் சிலர் அப்படிச் செய்கிறார்கள். காகிதப் பையில் போட்டு காய்கறித் தட்டில் 12 வாரத்துக்கு மேல் வைத்து, பிறகு தொட்டியில் நடுவார்கள். ஆனால் பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ மாம்பழமோ இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூவைக் கெடுத்துவிடும். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் பழம் வைக்காமல் இருப்பது நடக்கிற காரியமா? அப்படியே பூத்தாலும் நம் வெயிலில் சில நாளில் உதிர்ந்துவிடும், கிழங்கும் அத்தோடு சரி. இணையத்தில் நீல நிற டுலிப் என்று படம் போட்டு விற்பவர்களிடமும் ஏமாற வேண்டாம். அசல் நீலத்தில் டுலிப் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் பெட்டியில் நாலு போட்டுக் கொண்டு வரச் சொல்வதும் கூடாது. செடி, கிழங்கு எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஆசை இருந்தால் சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தில், குளிரூட்டப்பட்ட மலர் மாடத்தில் பருவத்துக்கு டுலிப் கண்காட்சி வைக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் நம் ஊரிலும் ஒரு வசந்தக் கிழங்கு உண்டு. பலரும் தினமும் கடந்து போகிறோம், கவனிப்பதில்லை. சீனப் புத்தாண்டுக்குச் சில வாரம் முன்பு பாசாரிலும் பூக்கடைகளிலும் சாயம் போன பெரிய வெங்காயம் போல அடுக்கி வைத்திருப்பார்கள். நார்சிசஸ் கிழங்கு. மாண்டரினில் ஷுய் சியென் என்பார்கள், தண்ணீர்த் தேவதை என்று பொருள் வரும். சீனப் புத்தாண்டுக்கே வசந்த விழா என்றுதான் பெயர். வசந்தம் என்ற பருவமே இல்லாத இந்த ஊரில், கெக் லோக் சீ கோயில் முழுவதும் விளக்கேற்றி ஜொலிக்கும் அந்த நாள்களில், ஒரு கிண்ணம் கூழாங்கல்லிலும் தண்ணீரிலும் இந்தக் கிழங்கு வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கிறது. மணம் அறையை நிறைக்கும்.

இதற்கு மட்டும் குளிர் வேண்டாமா? வேண்டாம். டாபடிலுக்கு உறவுதான், ஆனால் மத்தியதரைக் கடல் பக்கத்து வெப்பமான வகை. இதன் உறக்கத்துக்குக் காரணம் கோடையின் காய்ச்சல். அந்தச் சூட்டில்தான் உள்ளே பூ கட்டுகிறது. விழிப்பதற்குத் தண்ணீர் மட்டும் போதும். சீனாவின் புஜியான் மாநிலத்தில் சாங்சோ என்ற வட்டாரம் இந்தக் கிழங்குக்குப் பேர் போனது. அங்கே ஒரு கிழங்கை விற்பனைக்கு ஆளாக்க மூன்று ஆண்டு ஆகிறது. ஒவ்வோர் ஆண்டும் நட்டு, தோண்டி எடுத்து, காயவைத்து, மறுபடி நட்டு, மூன்றாவது ஆண்டில்தான் பெட்டி கட்டுவார்கள். பினாங்கு ஹொக்கியன் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகமும் அதே சாங்சோதான். தாத்தா வந்த கடல் வழியில் கிழங்கும் வந்திருக்கிறது.

இதில் சவாலே நாள் கணக்குதான். சரியாகப் புத்தாண்டு அன்று பூத்தால் அந்த வருஷம் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. முந்திக்கொண்டால் சில்லென்ற தண்ணீர் ஊற்றி நிழலுக்குத் தள்ளுவார்கள், பிந்தினால் வெதுவெதுப்பான தண்ணீரும் வெயிலும். சாங்சோவில் ஏறக்குறைய ஒரு மாதம் பிடிப்பது நம் சூட்டில் இன்னும் சீக்கிரம் வரும். கத்தியால் கிழங்கைச் செதுக்கி, இலைகளை நண்டுக் காலைப் போலச் சுருள வைக்கும் கைவேலையும் உண்டு. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிமார்களிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். இரண்டே எச்சரிக்கை. ஒன்று, கிண்ணத்துத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஒரு வாரம் தேங்கினால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும், டிங்கியும் அபராதமும் நமக்கு. இரண்டு, இந்தக் கிழங்கு விஷம். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ஆடியில் புதைத்தது

மண்ணில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்து எங்கிருந்து வருகிறது? ஈரோட்டுப் பக்கம் வைகாசி, ஆனியில் புதைத்த மஞ்சள் தை மாதத்தை ஒட்டித்தான் கிண்டத் தயாராகும், எட்டு ஒன்பது மாதம். இலை பழுத்துச் சாய்ந்தால் கீழே கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம்.

செங்காந்தளும் அப்படித்தான். கார்த்திகைப் பூ என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ காந்தள். இதன் கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். விதை முற்றியதும் கொடி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். வறண்ட மாதங்களைக் கிழங்கு மண்ணுக்குள் தூங்கிக் கழிக்கும். மழை வந்ததும் கொடி மறுபடி எழும், கார்த்திகையை ஒட்டிச் சிவப்பும் மஞ்சளுமாக நெருப்புப் பிடித்த மாதிரி பூக்கும். அங்கே பனி செய்யும் வேலையை நம் பக்கத்தில் வறட்சி செய்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காக இதைப் பயிரே செய்கிறார்கள், அதிலிருந்து கோல்சிசின் என்ற மருந்து எடுக்கப்படுகிறது. மருந்தாகும் அதே பொருள்தான் அளவு மீறினால் ஆளைக் கொல்லும். கிழங்கு முதல் இலை வரை எல்லாமே விஷம். அழகுக்கு ஆசைப்பட்டுச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை வைக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வாசலுக்கு ஏற்றதாக நான் சொல்வது சம்பங்கிதான். மாலையில் கட்டுவோமே, நீளத் தண்டில் வெள்ளை வெள்ளையாக, அதுவேதான். மெக்சிகோவில் பிறந்து நம் கோயில் மாலைக்கு உரிமைக்காரியாகிவிட்டது. கிழங்கு சின்ன வெங்காயத்தை நீட்டி வைத்த மாதிரி இருக்கும். சின்னம்மா நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தபோது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லி, ஒரு நாற்றுக் கடையில் பத்துக் கிழங்கு வாங்கி வந்து எங்கள் வீட்டு நடைபாதைத் தொட்டிகளில் வைத்தார். இப்போது அது ஐந்து தொட்டியாகப் பெருகியிருக்கிறது.

செய்முறை எளிது. கட்டை விரல் பருமனுக்குக் குறையாத கிழங்காகப் பார்த்து வாங்குங்கள், பொடிக் கிழங்கு முதல் ஆண்டில் இலையோடு நின்றுவிடும். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்று இருந்தால் அழுகல். அடியில் ஓட்டையுள்ள ஆழமான தொட்டி. செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்தது. கூர்முனை மேலே, இரண்டு அங்குல ஆழம், கிழங்குக்குக் கிழங்கு ஒரு கையகலம். அரை நாளாவது நேர் வெயில் படும் இடம் இல்லை என்றால் பணத்தை வீணாக்க வேண்டாம், சம்பங்கி நிழலில் பூக்காது.

முளை வரும்வரை தண்ணீரைக் குறைவாக ஊற்றுங்கள். இங்கேதான் நம் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். இரண்டு வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று தினமும் தண்ணீர் ஊற்றுவது, அதற்கும் மேலே விரலால் கிளறிப் பார்ப்பது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அந்தக் கை. சின்னம்மா தொட்டிக்கு மேல் ஒரு பழைய இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் அவரைத் தடுத்தார். பூனையும் தோண்டவில்லை, அப்பாவும் தோண்டவில்லை.

நட்டதிலிருந்து மூன்று, மூன்றரை மாதத்தில் பூந்தண்டு எட்டிப் பார்க்கும். இலைகள் நடுவில் ஒன்று மட்டும் உருண்டையாக, விறைப்பாக எழுந்தால் அதுதான். கீழிருந்து மேலாக, ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி வீதம் மொட்டு அவிழும். மணம் பகலில் மெதுவாக இருக்கும், மாலை ஏழு மணிக்குமேல் நடைபாதை முழுக்கப் பரவும். மாடியில் நாலு வீடு தள்ளி இருக்கும் மலாய்க்கார அக்கா, "வாங்கினியா, வளர்த்தியா?" என்று வந்து கேட்டுவிட்டுப் போனார். பூத்து முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையைத் தொடாதீர்கள், அடுத்த முறைக்கான சாப்பாட்டை அதுதான் கீழே அனுப்புகிறது. இலை பழுத்ததும் ஒரு மாதம் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்தில் தள்ளி வையுங்கள். நம் ஊரில் ஜனவரி, பிப்ரவரி கொஞ்சம் வறண்ட மாதங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். தொட்டியின் குளிர்காலத்தை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

இந்த வாரம் புதைத்தால் தைப்பூசத்தை ஒட்டிப் பூக்க வாய்ப்பு இருக்கிறது. முன்பின் ஆகலாம். தேதி சொல்லிப் பூக்க வைக்க நான் பொறுப்பில்லை. எங்கள் வீட்டுத் தொட்டிகளில் போன ஆண்டு முதல் தண்டு அவிழ்ந்தது தைப்பூசம் முடிந்த நாலாம் நாள். சின்னம்மா அதைத் தண்ணீர்மலைக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்தார், கூட்டமே இல்லை, நிம்மதியாகக் கும்பிட்டேன் என்றார். மறுநாள் விமானம். மார்ச் மாதம் அங்கே அவருடைய பாத்தியில் மூக்கு நீட்டத் தொடங்கியிருக்கும்.